குச்சியைப் பிடித்தாலும் குற்றம், கையால் பிசைந்தாலும் குற்றம்

நேற்றும் அதே கூத்து. உணவங்காடியில் மீன் உருண்டை மீ (நூடுல்ஸ்தான்) வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட வைக்கவில்லை, எதிரே அலுவலகத் தோழி கண்ணை விரிக்கிறாள்: "அட, உனக்குச் சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியுமா!"

தெரியும் தாயே. 34 வருஷமாக இதே சிங்கப்பூரில்தான் சாப்பிடுகிறேன். வழுக்கி ஓடும் மீன் உருண்டையையே நழுவவிடாமல் தூக்குவேன். பதக்கம் தரப்போகிறாயா?

சில கடைகளில் என் முகத்தைப் பார்த்ததுமே முள்கரண்டி வந்துவிடும். கேட்டேனா? சீனப் புத்தாண்டுக்கு யூ ஷெங் என்ற பச்சை மீன், காய்கறிக் கலவையைக் கிளறும்போது, "இப்படித் தூக்கிப் போடணும்" என்று வகுப்பு எடுப்பார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தினால் இறந்தவருக்கு ஊதுவத்தி வைத்த மாதிரி, தெரியுமா என்பார்கள். பள்ளி நாளிலேயே தெரியுமே! கொரியக் கடையில் அந்தச் சப்பை உலோகக் குச்சியோடு மல்லுக்கட்டியது யார், நானா?

சரி, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வாழையிலை போட்டுக் கையால் பிசைந்தாலாவது நிம்மதி உண்டா? "கையாலா? சுத்தமா?" என் கையை நானே சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தக் குச்சி நேற்று யார் வாயில் இருந்ததோ!

இதற்கு நடுவில் ஊரிலிருந்து வந்த பெரியம்மா வேறு. நான் மீ சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "என்னடி, சீனத்தியாவே மாறிட்டியா?"

மீயும் ஆறிப்போச்சு.