15 சதவீத நேரம் மட்டும் போஸ்ட்-இட்டைத் தரவில்லை

"3எம் கம்பெனி ஊழியர்களின் சொந்த யோசனைகளுக்காக 15 சதவீத வேலை நேரத்தை ஃப்ரீயாகக் கொடுத்தது, ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் வந்தது, நம் டீமுக்கும் வெள்ளி மதியம் விட்டால் போதும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

3எம் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் அந்தச் சீட்டின் பசையைக் கண்டது, வலுவான பசை தேடும் ஆய்வின்போது. கிடைத்ததோ ஒட்டியும் ஒட்டாத ஒன்று. அதை வருடக்கணக்கில் கம்பெனிக்குள்ளேயே செமினார் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்டவர்தான் அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை. 1974-இல் பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டாக வைக்கலாமே என்று யோசித்தார். 15 சதவீதம் உதவியது இந்தக் கட்டத்தில். ஆனால் பசை அடுத்த பக்கத்தில் அப்பிக்கொண்டது. தாளிலேயே அதைப் பிடித்து நிறுத்தும் அடிப்பூச்சை வேறு இருவர் செய்தார்கள். 1977 சோதனை விற்பனை படுத்துவிட்டது. அடுத்த வருடம் அமெரிக்காவின் பாய்சி நகரில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்த பிறகே சூடு பிடித்தது. அமெரிக்கா முழுக்க வந்தது 1980-இல்.

ஆக, அந்த முயற்சியை 12 வருடம் மூடாமல் விட்டதும் முக்கியம் (நம் காலாண்டு ரிவ்யூவில் இது தாங்குமா?). 40 மணி வாரத்தில் 15 சதவீதம் என்றால் 6 மணி. ஸ்பிரிண்டை (டீமின் குறுகிய கால வேலைத் திட்டத்தை) வாரம் 40 மணிக்கும் நிரப்பிவிட்டு இதை அறிவித்தால், அந்த 6 மணி சனிக்கிழமைக்குத்தான் போகும். முதலில் திட்டத்தை 34 மணிக்குக் குறையுங்கள்.