காத்திருப்பது என்றால் வாய்மூடி இருப்பதா?
'ஒருமுறை ஜெபித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம்' என்று, ஜெபத்துக்குப் பதில் வரக் காத்திருப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பைபிளில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் வரும் விதவை நியாயாதிபதியை விடாமல் நச்சரித்தவள்தானே, இயேசு அவளைத்தானே உதாரணம் காட்டுகிறார்? களியக்காவிளைப் பக்கம் எங்கள் அம்மா, அண்ணன் குடியை விடவேண்டும் என்று 11 வருஷம் கேட்டார். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போவார். தலையில் லைட்டு, கையில் கத்தி. ஒவ்வொரு மரத்திலும் சிரட்டையைத் துடைத்து வைக்கிற நேரத்துக்குள் ஒரு வரி ஜெபம். சில நாள் கடவுளோடு சண்டையும் நடக்கும். ஆபிரகாமுக்கே 75 வயதில் கடவுளின் அழைப்பு, 100 வயதில்தான் மகன் ஈசாக்கு. நடுவில் பொறுமையிழந்து, மனைவியின் பணிப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெற்ற கதை வேறு. அப்புறம், 'பதில் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்' என்று மேலே பின்னூட்டத்தில் கேட்டவருக்கு: அண்ணன் இப்போது குடிப்பதில்லை. அதைப் பார்க்க அம்மாதான் இல்லை.