"நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்"

பெண்களை இணையத்தில் கேவலமாக எழுதுகிறவர்களைத் திட்டி நிறையப் பதிவுகள் வந்துவிட்டன. எனக்குக் கோபம் அதைப் பகிர்கிறவர்கள் மேல். எழுதுகிறவன் ஒருத்தன். அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் சித்தப்பா, ஆபீஸ் சீனியர், கூடப் படித்தவன்.

2018 ஏப்ரலில், ராஜ்பவன் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்ட பெண் நிருபரின் கன்னத்தில் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தட்டினார். அவர் கண்டித்ததும் ஆளுநர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அந்தச் சூட்டிலேயே, பெண் பத்திரிகையாளர்களை மொத்தமாக இழிவுபடுத்தி வேறொருவர் எழுதியதை நடிகர் எஸ்.வி.சேகர் முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார். படிக்காமல் பகிர்ந்துவிட்டாராம். அவர் மேல் பதிவான வழக்கை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் மறுத்தது. ஃபார்வர்டு செய்த செய்தி வில்லை விட்டுப் போன அம்பு, விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆறேழு வருஷம்! அதுவும் பிரபலம் ஒருவர் மேல் பத்திரிகையாளர்களே நின்று நடத்திய வழக்கில். மார்ஃபிங் செய்த படம் சுற்றும் ஒரு கல்லூரிப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டில் முதலில் பிடுங்குவது அவள் போனை. அடுத்து காலேஜை நிறுத்துவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். படத்தைப் பரப்பியவன் போன் அவன் பாக்கெட்டிலேயே இருக்கும். படிப்பு, வேலை, வெளியே போய்வருவது என எல்லாம் அவளுக்குத்தான் போகிறது. இதை 'ஆன்லைன் சண்டை' என்று எப்படிச் சொல்கிறார்கள்? கையை ஓங்கவில்லை என்பதால் வன்முறை இல்லையா?

புகார் வந்த 24 மணி நேரத்தில் அந்தரங்கப் படங்களையும் மார்ஃபிங் படங்களையும் சமூக ஊடக நிறுவனங்கள் நீக்க வேண்டும் என்று 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் சொல்லின. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பெண்கள் புகார் தரலாம். சரி, நிறுவனம் ஒரு பதிவை நீக்கும். நாற்பது வாட்ஸ்அப் குரூப்பில் இறங்கிவிட்டதை யார் நீக்குவது?

எங்கள் பள்ளி நண்பர்கள் குரூப்பில் ஒரு நடிகையின் போலிப் படம் வந்தது. "இதை எடுடா" என்று எழுதினேன். "ஜாலிக்குத்தானே மச்சி" என்றான் போட்டவன். மற்றவர்கள் மௌனம். அப்புறம் ரெண்டு பேர் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள்: "சரியாக் கேட்டடா."

அதைக் குரூப்பிலேயே எழுதியிருந்தால் அவன் எடுத்திருப்பான்.