தகவல் இருந்தது, போய்ச் சேரவில்லை

பேரிடர்களுக்குப் பிறகு வரும் விசாரணை அறிக்கைகளை வாசிக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஒரு துறை, “எங்களுக்கு யாரும் சொல்லவில்லை” என்று வாக்குமூலம் கொடுத்திருக்கும். சில பக்கங்கள் தள்ளிப் போனால், அதே தகவல் அதே நேரத்தில் இன்னொரு துறையின் கையில் இருந்ததாக எழுதியிருக்கும். பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். எனக்கு மனம் ஆறாமல் போவது இந்த இடத்தில்தான். நிலநடுக்கத்தை யாராலும் தடுக்க முடியாது. ஒரு அரசு அலுவலகத்தில் இருக்கும் தகவல் இன்னொரு அரசு அலுவலகத்துக்குப் போகாததால் நேரும் சாவைத் தடுக்க முடியும்.

ஃபுகுஷிமாவில் நடந்ததைப் பாருங்கள். அணு உலை விபத்து நேர்ந்தால் கதிரியக்கம் எந்தத் திசையில் பரவும் என்று கணிக்க, ஸ்பீடி என்ற கணினி அமைப்பை ஜப்பான் பல ஆண்டுகளாக வைத்திருந்தது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி தாக்கியபின் அது கணிப்புகளைத் தந்துகொண்டுதான் இருந்தது. அணு உலைக்குப் பக்கத்து ஊரான நமியேயின் மக்களுக்கு இது எதுவும் தெரியாது. வடமேற்கே இருந்த சுஷிமா பகுதிக்குப் போனால் பாதுகாப்பு என்று நினைத்துப் போனார்கள். காற்று கதிரியக்கத்தைக் கொண்டுபோனதும் அதே திசையில்தான். அந்தக் கணிப்புகள் மார்ச் 14 அன்றே அமெரிக்கப் படைகளுக்குக் கொடுக்கப்பட்டன. சொந்த நாட்டு மக்களுக்கு முதல்முறையாக வெளியானது மார்ச் 23 அன்று.

அதிகாரிகள் சொன்ன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். உலையிலிருந்து எவ்வளவு கதிரியக்கம் வெளியேறுகிறது என்ற அளவீடு கிடைக்கவில்லை, அதனால் கணிப்பு நம்பகமானதில்லை என்றார்கள். கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தன் ஊர் மக்களை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தவித்துக்கொண்டிருந்த உள்ளாட்சித் தலைவருக்கு அளவு தேவைப்படவில்லை, திசை போதும். “இது முழுமையான கணக்கு இல்லை, ஆனால் காற்று வடமேற்கே போகலாம்” என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அந்த மக்கள் வேறு பக்கம் போயிருப்பார்கள். முழு உண்மை தெரியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது சாதாரண நாட்களுக்கு நல்ல ஒழுக்கம். பேரிடரில் அதே ஒழுக்கம் ஆளைக் கொல்லும். அரைகுறைத் தகவலை அரைகுறை என்று சொல்லியே கொடுக்கலாம், அதில் தவறே இல்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த சில நாட்களில் அமெரிக்க எரிசக்தித் துறை விமானத்தில் பறந்து கதிரியக்கத்தை நேரடியாக அளந்து, வரைபடம் போட்டு ஜப்பானிடம் கொடுத்தது. இந்த முறை கணிப்பு இல்லை, அளந்த எண்கள். அது வெளியுறவு அமைச்சகம் வழியாக அணுப் பாதுகாப்பைக் கவனித்த முகமைக்கும் அறிவியல் அமைச்சகத்துக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது. மக்களை எங்கிருந்து வெளியேற்றுவது என்று முடிவு செய்துகொண்டிருந்த பிரதமர் அலுவலகத்துக்குப் போகவில்லை. நம்பகத்தன்மை என்ற காரணம் இங்கே பொருந்தவில்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இதைப் பேச ஆரம்பித்தாலே “ஒரு செயலி செய்துவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். கருவிகள் வேண்டும்தான், மறுக்கவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் ஒரு கோபுரம் விழுந்ததும், நிற்கிற இரண்டாவது கோபுரமும் விழக்கூடும் என்று நியூயார்க் காவல் துறையின் ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து எச்சரித்தன. காவல் துறையும் தீயணைப்புத் துறையும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளில் பேசிக்கொண்டிருந்ததால், உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது கேட்கவில்லை. அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். எச்சரிக்கைச் செய்திகளை எல்லா அமைப்புகளும் ஒரே வடிவத்தில் அனுப்பவும் படிக்கவும் பொது எச்சரிக்கை நெறிமுறை ஒன்று 2004-லிருந்து இருக்கிறது. சரி, அதைப் பயன்படுத்துவோம். ஆனால் கருவி கையில் இருந்தும் பேசாதவர்களை என்ன செய்வது?

2017 மே 22 அன்று பிரிட்டனின் மான்செஸ்டர் நகரில், இசை நிகழ்ச்சி நடந்த அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் உள்ளே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. துப்பாக்கியோடு யாராவது சுற்றிக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகித்த காவல் அதிகாரி அதற்கான அவசரத் திட்டத்தை அறிவித்தார், ஆனால் தீயணைப்புத் துறைக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் அதைச் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டிகள் தொலைவில் இருந்த ஒரு நிலையத்தில் கூடிக் காத்திருந்தன. அங்கே இருந்தவர்கள் போகத் துடித்தவர்கள். போகலாமா கூடாதா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறு. மூன்று சேவைகளும் ஒரே இடத்தில் கூட வேண்டும், ஆபத்தைச் சேர்ந்து மதிப்பிட வேண்டும், எல்லோரிடமும் ஒரே நிலவரம் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் கூட்டுச் செயல்முறை ஒன்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டு, பயிற்சியும் கொடுக்கப்பட்டிருந்தது. அன்று இரவு அது யாருக்கும் கைகொடுக்கவில்லை.

ஏன் சொல்வதில்லை? துறைப் பெருமை ஒரு காரணம், மேலிடத்தின் அனுமதிக்காகக் காத்திருப்பது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய காரணம் பயம் என்பது என் கருத்து. இரவு இரண்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் இளநிலை அலுவலரின் நிலையில் இருந்து யோசியுங்கள். பக்கத்துத் துறை, உதவி தேவைப்படுகிறவர்களின் பட்டியல் கேட்கிறது. கொடுத்தால், யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று நாளைக்கு மெமோ வரலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் வராது. எழுத்துபூர்வமாகக் கேளுங்கள், முறையான வழியில் வாருங்கள் என்று சொன்னவரை யாரும் தண்டிப்பதில்லை. இந்தக் கணக்கு மாறாதவரை அவரைத் திட்டிப் பயனில்லை.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தின் பெயர் வைத்துவிட்டால் இன்னும் கடினம். 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளில் உயிர் தப்பியவர்களின் பெயர், முகவரி பல அமைப்புகளிடம் இருந்தன. தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்று நினைத்து, உதவி செய்யக் காத்திருந்தவர்களிடம் அவற்றைத் தரத் தயங்கினார்கள். பிறகு 2007-ல் பிரிட்டன் அரசு, அவசரகாலப் பணியாளர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது. அவசரகாலத்தில் தேவையான தகவலைத் தருவதற்குச் சட்டம் தடையில்லை, தராமல் இருந்தால் என்ன கேடு விளையும் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள் என்றது.

இதற்காக எல்லாத் தரவையும் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நான் எதிரி. 2017-ன் புயல்களிலும் காட்டுத்தீயிலும் பாதிக்கப்பட்ட சுமார் 23 லட்சம் பேரின் விவரங்களை அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா ஒரு ஒப்பந்ததாரருக்குத் தேவைக்கு மேல் கொடுத்துவிட்டது. தங்குமிடம் ஏற்பாடு செய்ய வேண்டியவருக்கு வங்கி விவரம் எதற்கு? 2019-ல் தணிக்கையாளர் சொல்லித்தான் அது வெளியே தெரிந்தது.

அதே 2017-ல், இர்மா புயல் நெருங்கிக்கொண்டிருந்தபோது புளோரிடாவில் ஒரு வட்டாரக் காவல் தலைமை ட்விட்டரில் அறிவித்தது: முகாமுக்கு வருகிறவர்களின் அடையாளம் சரிபார்க்கப்படும், பிடியாணை உள்ளவர்கள் சிறைக்குக் கொண்டுபோகப்படுவார்கள். இதைக் கேட்ட பிறகு, பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கும் தாய் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வருவாரா? காப்பாற்றுவதற்காக வாங்கிய பெயர் பிடிப்பதற்குப் பயன்படும் என்று ஒருமுறை மக்கள் நினைத்துவிட்டால், அடுத்த பேரிடரில் பட்டியலில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். தகவல் பகிர்வை ஆதரிக்கிற நான், இந்தச் சுவர் மட்டும் இடியவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். மீட்புக்காகத் திரட்டியது மீட்புக்கு மட்டுமே.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்றால், முடியும். அமெரிக்க சுகாதாரத் துறையின் எம்பவர் திட்டத்தைப் பாருங்கள். வீட்டிலேயே வென்டிலேட்டர், ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற கருவிகளை மின்சாரத்தில் ஓட்டி உயிர்வாழ்கிறவர்கள் யார் என்பது காப்பீட்டுப் பதிவுகளிலேயே இருக்கிறது. எந்த அஞ்சல் பகுதியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும், பெயரில்லாமல், வரைபடமாக எல்லோருக்கும் கிடைக்கும். மின்துறை எந்தத் தடத்தை முதலில் சரிசெய்வது என்று முடிவு செய்ய அது போதும். பெயரும் முகவரியும் பேரிடர் நேரத்தில், கதவைத் தட்டப் போகிற பொதுச் சுகாதாரத் துறைக்கு மட்டும், பாதுகாப்பான வழியில் போகும். 2013-ல் நியூ ஆர்லியன்ஸில் இதை ஒத்திகையாக வீடு வீடாகப் போய்ச் சோதித்துப் பார்த்தார்கள்.

நான் கேட்பதும் இப்படிப்பட்ட ஏற்பாட்டைத்தான். எந்தத் துறை எந்தத் தகவலை, எந்த நிலை வந்ததும், யாருக்குத் தரும் என்பதை அமைதியான நாளில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இரவுப் பணியில் இருப்பவரே, யாரையும் எழுப்பாமல், அதை அனுப்பும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்த விதிப்படி நல்லெண்ணத்தோடு கொடுத்தவருக்குப் பிறகு எந்த நடவடிக்கையும் வராது என்று அதிலேயே இருக்க வேண்டும். அனுப்பிய நேரம், தகவல் எவ்வளவு உறுதியானது என்ற குறிப்பு இரண்டும் ஒவ்வொரு செய்தியிலும் இருந்தாக வேண்டும். நேற்றைய பட்டியலை இன்றையது என்று நம்பிப் படகு அனுப்புவதும் ஆபத்துதான். அப்புறம், பேரிடர் முடிந்ததும் எந்தத் தேதிக்குள் அந்தப் பெயர்கள் அழிக்கப்படும், அழித்ததை யார் சரிபார்ப்பார் என்பதும் அதே காகிதத்தில் வேண்டும்.

மான்செஸ்டரை நினைத்துத்தான் கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். ஆண்டுதோறும் நடக்கும் பேரிடர் ஒத்திகைகளில் சைரன் ஒலிக்கிறது, ஸ்ட்ரெச்சர் ஓடுகிறது, புகைப்படம் எடுக்கிறார்கள். அதே ஒத்திகையில், முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் ஒரு துறை இன்னொரு துறையைக் கூப்பிட்டு, உதவி தேவைப்படுகிறவர்களின் பட்டியலைக் கேட்கட்டும். வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது, வந்த கோப்பு திறந்ததா, அதில் இருந்த தொலைபேசி எண்கள் வேலை செய்தனவா என்பதை எழுதி மக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும்.