கூட்டத்துக்கு யார் வரவில்லை?

1993-இல், நமக்குப் பக்கத்திலுள்ள இராமநாதபுரத்தில், அப்போது காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், பொதுமக்களைத் தன்னார்வலர்களாகக் காவல்துறையோடு சேர்க்கும் ‘காவல்துறை நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது தமிழகம் முழுவதும் பரவியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரமும் ஐந்து காவல் மாவட்டங்களில் இதே போன்ற ஒரு முயற்சியைத் தொடங்கியது. இரண்டில் எது சிறந்தது என்பதல்ல என் கேள்வி. அவர்கள் தங்கள் திட்டத்தை அளந்து பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தவரை நாம் பார்க்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

சிகாகோவை 279 ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து, அங்கெல்லாம் காவலர்களும் குடியிருப்போரும் கூடிப் பேச ஏற்பாடு செய்தார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி ஸ்கோகன் குழுவினர் பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தக் கூட்டங்களுக்குப் போய், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், பேசியது நடந்ததா என்று கணக்கெடுத்தார்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் நல்ல மாற்றம் தெரிந்ததையும், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் கூட்டங்களுக்கு அதிகம் வராததையும், அவர்கள் பகுதிகளுக்குப் பலன் போய்ச் சேராததையும் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள்.

நானும் மதுரையில் இத்திட்டத்தின் தன்னார்வலராக நான்காண்டுகள் தொப்பியும் விசிலுமாக அலைந்தவன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விடிய விடியக் கயிறு பிடித்து நின்றதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் எங்கள் பகுதிக் கூட்டங்களில் முன்வரிசை எப்போதும் கடைக்காரர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும்தான். வருகையைக் குறிக்க ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் பெயர், கைபேசி எண், கையெழுத்து என மூன்று பத்திகள். புகார் எழுதப் பத்தியே கிடையாது. வைகைக் கரையோரம் இட்லிக்கடை போட்டிருந்த ஓர் அக்கா, பாலத்தடியில் குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்களைப் பற்றி மூன்று மாதம் தொடர்ந்து வந்து சொன்னார். நான்காம் மாதம் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நிலையத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2002-இல் இத்திட்டத்துக்குப் பிரிட்டனிலிருந்து அரசியார் விருது கிடைத்தபோது கொண்டாடினோம். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபின், தன்னார்வலர்கள் மீதும் புகார் எழ, ஜூலையில் அரசு இத்திட்டத்துக்குத் தடை விதித்ததும் எல்லாம் முடிந்தது. அந்த வழக்கில் சிபிஐ குற்றம் சாட்டியது காவலர்களைத்தான். ஆனாலும் தன்னார்வலர்கள் மீது வைக்கப்பட்ட புகார்களை நான் தள்ளிவிடவில்லை. லத்தியைக் கையில் வாங்கியதும் நடை மாறிப்போன சிலரை நானே பார்த்திருக்கிறேன். இருந்தும், தூக்கிப் பிடித்த அன்றும் சரி, தூக்கிப் போட்ட அன்றும் சரி, 27 ஆண்டுகளில் என்ன பலன், யாருக்குப் பலன் என்று ஒரு கணக்கு எனக்குத் தெரிந்து மக்கள் முன் வைக்கப்படவில்லை.

இத்தகைய திட்டம் வேறு பெயரில் மீண்டும் வருமானால், அதை அளக்கும் பொறுப்பைக் காவல்துறைக்கு வெளியே கொடுக்க வேண்டும். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது; நிலையங்களில் பழைய நோட்டுகள் மிஞ்சியிருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். எங்கள் பகுதி நோட்டு ஒன்று என் பீரோவில் கிடக்கிறது. இட்லிக்கடை அக்காவின் கையெழுத்து அதில் மூன்று பக்கங்களில் இருக்கிறது.