கெலர்ட்டின் கல்லறையைப் பொய் என்று சொல்லாதீர்கள்

வேல்ஸின் வடக்கே எரரி மலைகளுக்கு நடுவில் பெத்கெலர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே கிளாஸ்லின் ஆற்றங்கரைப் புல்வெளியில், மரநிழலில், ஒரு நாய்க்குக் கல்லறை இருக்கிறது.

அதன் கதை இது: 13-ஆம் நூற்றாண்டு இளவரசன் லுவெலின் வேட்டை முடிந்து வீடு திரும்புகிறான். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம். வாயெல்லாம் ரத்தத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது அவன் வேட்டைநாய் கெலர்ட். ஆத்திரத்தில் வாளைப் பாய்ச்சிவிடுகிறான். நாயின் கடைசி ஓலம் கேட்டுத் தொட்டிலுக்கு அடியிலிருந்து குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் செத்துக் கிடக்கிறது ஓநாய்.

கீரிப்பிள்ளை ஞாபகம் வந்துவிட்டதா? தண்ணீர்க் குடத்தை அதன் மேல் போட்ட அந்தத் தாய்? அதே கதைதான். பஞ்சதந்திரத்திலிருந்து பாரசீகம், அரபு, லத்தீன் என்று மொழி மாறி மாறிப் போனது. போன இடத்தில் பாம்பு ஓநாயாயிற்று, கீரி வேட்டைநாயாயிற்று.

உடனே "நம்மிடம் திருடிவிட்டார்கள்" என்று கிளம்பாதீர்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். "விடுதிக்காரன் கட்டிவிட்ட புளுகு" என்று ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1790-களில் டேவிட் பிரிச்சர்ட் என்ற விடுதிக்காரர்தான் கதையை இந்த ஊரோடு முடிச்சுப் போட்டார் என்கிறார்கள். ஊர்ப்பெயருக்கே கெலர்ட் என்ற பழைய துறவிதான் காரணமாக இருக்கலாம். இருக்கட்டுமே! "வேட்டைநாயைக் கொன்றவன் போல வருந்துகிறேன்" என்ற சொலவடை அதற்கும் முன்பே வெல்ஷ் மக்கள் வாயில் இருந்தது. பிரிச்சர்ட் கொண்டுவந்தது கல்லை மட்டும்தான். துக்கம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

என்னை உலுக்குவது வேறு. வேல்ஸ்காரர்கள் செத்த நாய்க்கு ஓர் இடம் கொடுத்தார்கள். நம் சிலப்பதிகாரமோ கொன்றவளின் பின்னால் போகிறது. கீரியைக் கொன்ற மனைவியை விட்டுவிட்டுப் பார்ப்பனன் வடதிசை போய்விடுகிறான். அவன் தந்த வடமொழி ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு புகாரின் கடைத்தெருவிலும் மாட வீதியிலும் வீடு வீடாக அலைகிறாள் அவள். கோவலன்தான் கூப்பிட்டு, "என்னம்மா துயரம்?" என்று கேட்டு ஏட்டை வாங்கிப் படிக்கிறான். அவள் பாவம் தீரத் தானம் செய்கிறான். காட்டு வழி போன கணவனையும் தேடிக் கொண்டுவந்து சேர்க்கிறான்.

லுவெலினுக்கு அப்படிக் கேட்க ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவே இல்லை என்றுதான் அந்த ஊரில் கதையை முடிக்கிறார்கள்.