இருட்டு மேல உங்களுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ காண்டு?

ஞாயித்துக்கெழம காட்பாடி மொட்டமாடில நடந்தது இங்க பாதி பேருக்குத் தெரியும், அதனால திரும்ப முழுசா சொல்லல. டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா கதை ஆடுவோமே, அந்த மாதிரி என் கேம்ல இருட்டு மந்திரம்னு ஒண்ணு எழுதி சேர்த்தேன். பேப்பரக்கூட பிரிக்கல, "இது சூனியக்காரன் வேலடா, வில்லனுக்குக் குடு"ன்னு ஒருத்தர் சிரிச்சாரு, மீதி நாலு பேரும் கூட சிரிச்சாங்க, அவ்ளோதான், மூணு வாரம் உக்காந்து எழுதுனது.

இருட்டுன்னா கெட்டது இல்லங்க.

ஃபயர்பால்னு நெருப்புருண்ட மந்திரம் போடுறீங்களே, சுத்தி இருபது அடிக்கு எட்டு டைஸ் டேமேஜ். போன மாசம் கேம்ல ஒரு சத்திரத்தயே சமையக்காரனோட சேர்த்து கொளுத்துனீங்க. அது நல்லவன் போடுற மந்திரம். நான் ஒரு ரூம இருட்டாக்குனா பில்லி சூனியம். நல்லா கீது நியாயம்.

அதுவும் வேலூர்ல பொறந்துட்டு! நமக்கு எதிரி வெயிலா இருட்டா? சத்துவாச்சாரில எங்க ஆயா மே மாசம் பத்து மணிக்கெல்லாம் ஜன்னல சாத்தி ஈரத்துணி தொங்கவுட்டு நடு ரூம இருட்டு பண்ணிடும். வெளிய 41, 42 டிகிரி. எனக்கு அம்ம போட்டப்போ அந்த ரூம்லதான் கெடந்தேன், வெளிச்சம் பட்டாலே கண்ணு எரியும், ஆயா வேப்பிலைய வெச்சு விசிறிக்கினே பக்கத்துல ஒக்காந்துனு இருக்கும், மூஞ்சி தெரியாது, வளையல் சத்தம் மட்டும் கேக்கும். நான் எழுதுன மொத மந்திரமே அந்த ரூம்தான். அதுக்குள்ள ஒரு மணி நேரம் படுத்தா ஒரு ராத்திரி தூங்குன மாதிரி, ஆனா போட்டவனுக்கு மட்டும் தூக்கம் கெடயாது. இதுல எங்கப்பா வில்லன் கீறான்?

"டிஅண்ட்டில, அதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்ல, ஏற்கெனவே டார்க்னஸ்னு இருட்டு மந்திரம் கீதே"ன்னு வருவீங்க. கீது. அஞ்சாவது எடிஷன்ல ரெண்டாம் லெவல் மந்திரம், சுத்தி பதினஞ்சடி, பத்து நிமிஷம் வரைக்கும், டார்க்விஷன்னு இருட்டுல பாக்குற சக்தி இருந்தாலும் கண்ணு தெரியாது. போட்டா நம்ம ஆளுங்களும் சேர்ந்து முட்டிக்குவாங்க, அதனால எவனும் எடுக்கிறதில்ல. அதத்தானே சரி பண்ண வந்தேன்?

"உன் மந்திரம் ஓவர் பவர்"னு ஒருத்தர் மெசேஜ் போட்டாரு. அது இருக்கலாம், ஒத்துக்கறேன், குறைக்கலாம். ஆனா அன்னிக்கி யாரும் அத சொல்லலயே. சிரிச்சீங்க.

ஜவ்வாது மலையில காவலூர்ல 1986ல 2.3 மீட்டர் டெலஸ்கோப்ப கொண்டுபோய் வெச்சாங்களே, இன்னாத்துக்கு? ஊரு வெளிச்சம் எட்டாத இருட்டு வேணும்னுதான். சயின்டிஸ்ட்டுங்க எல்லாம் சூனியக்காரங்களா? சொல்லுங்க.

சரி, இதயும் சொல்லிடறேன். கருப்பா இருக்கிற கேரக்டர்னாலே "நீயே ஆடுடா, மேக்கப் செலவு மிச்சம்"னு சொன்னவங்களும் அதே மொட்டமாடிதான். அப்போ நானும் சிரிச்சேன். கேமுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லுவீங்க, இல்லாமலே இருக்கட்டும்.

இந்த வாரம் வரல. அடுத்த வாரம் பாக்கலாம். என் செவப்பு டைஸ் பையி அங்கயே கீது, யாராவது எடுத்து வைங்க, மழைல நனையப்போவுது. அந்தப் பேப்பரும் அதுலதான் கீது.